41,000 ரூபாய் வேலையை விட்டு 25,000 ரூபாய் வேலைக்குப் போகலாமா?

முதுநகர்க்காரி:

வணக்கம். ஊர் கடலூர் முதுநகர், வயது 33, படித்தது எம்.எஸ்சி. வேதியியல். சிப்காட்டில் மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஒரு கம்பெனியில், தரம் சோதிக்கும் க்யூசி லேபில் ஏழு வருடமாக இருக்கிறேன். பிடித்தம் போக கைக்கு 41,000 வருகிறது. போன வருடம் கல்லூரியில் பாடம் நடத்துவதற்கான தகுதித் தேர்வான சிஎஸ்ஐஆர் நெட்டில் மூன்றாவது முயற்சியில் தேறினேன். இப்போது பக்கத்தில் ஒரு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை கிடைக்கும்போல இருக்கிறது. மாதம் 25,000. அதுவும் வருடத்துக்குப் பதினோரு மாதம்தான், மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் சேர வேண்டும்.

இப்போதைய வேலை பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். மருந்தில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் எச்பிஎல்சி மெஷின் எனக்குப் பிடிக்கும். காலையில் பஃபர் கரைசல் கலக்கி, பிஎச் சரிபார்த்து, வடிகட்டி, காற்றுக்குமிழ் போக்கி, மெஷினின் ‘காலம்’ (column) குழாய் நிதானத்துக்கு வரும்வரை திரையில் கோடு நேராவதைப் பார்த்துக்கொண்டிருப்பது கோலம் போட்டு முடித்த வாசலைப் பார்க்கிற மாதிரி. ஆனால் அதற்கு அப்புறம் ஒன்றும் இல்லை. சாம்பிள் வரும், போடுவேன், எண் வரும், எழுதுவேன், கையெழுத்துப் போடுவேன். எண் வரம்புக்குள் இருந்தால் யாரும் வாய் திறப்பதில்லை. வரம்பு தாண்டினால் மூன்று நாள் விசாரணை, காகிதம் மேல் காகிதம். ஏழு வருடத்தில் என்னை ‘ஏன்’ என்று கேட்டவர்கள் எல்லாரும் அந்த மூன்று நாட்களில் கேட்டவர்கள்தான்.

எங்கள் லேபில் தப்பாக எழுதினால் அதன் மேலேயே திருத்தி எழுதக்கூடாது. ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். வீட்டில் பால் கணக்கு நோட்டிலும் இப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று வீட்டுக்காரர் கண்டுபிடித்துச் சொன்னார். அன்றைக்குத்தான் கொஞ்சம் பயம் வந்தது.

அப்புறம் ஒரு நாள். புதிதாக வந்த ட்ரெய்னி பெண், குறிஞ்சிப்பாடி பக்கம். ப்யூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து துளித்துளியாக விட்டு அளவு பார்க்கும் டைட்ரேஷன் போட்டால் ஒவ்வொரு முறையும் கரைசலை அடர் ரோஜா நிறமாக்கிவிடுவாள். நிறம் மாறி முடிவைக் காட்டும் ஃபீனால்ஃப்தலீன் போட்டால் வெளிர் ரோஜா வர வேண்டும், அரை நிமிடம் நிற்க வேண்டும், அதுதான் முடிவு. அவளுக்கு எப்போதும் ஒரு துளி கூடிப்போகும். சீனியர்கள் திட்டித் திட்டி அவள் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. நான் குடுவைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தேன். “துளியை விழ விடாதே. ப்யூரெட் நுனியில் பாதி தொங்கும்போதே குடுவைச் சுவரில் தொட்டு எடு, வாஷ் பாட்டிலால் கழுவி உள்ளே இறக்கு” என்று காட்டினேன். அரைத் துளி. அவள் தொட்டாள், கழுவினாள், சுழற்றினாள். லேசாக ரோஜா ஏறி அப்படியே நின்றது. மூன்று முறை போட்டாள், மூன்றும் 0.05 மில்லிக்குள். “அக்கா, காலேஜ்ல யாரும் இத சொல்லவே இல்லக்கா” என்றாள். பி ஷிப்ட் முடிந்து இரவு பதினோரு மணிக்கு வீடு வந்தும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்போது வீட்டு நிலவரம். வீட்டுக்காரர் சொந்தமாக டாடா ஏஸ் வைத்திருக்கிறார். துறைமுகத்தில் இருந்து புதுச்சேரிக்கு மீன் லோடு. லோடு நன்றாக இருக்கும் மாதத்தில் என் சம்பளத்தைத் தாண்டுவார், இல்லாத மாதத்தில் டீசலுக்கு என்னிடம் வாங்குவார். மகன் இரண்டாம் வகுப்பு போகப்போகிறான். நகைக்கடன் ஒன்று வட்டி கட்டித் திருப்பி வைத்துக்கொண்டே இருக்கிறோம். அம்மா “வேலையை விட்டுடாதே” என்கிறார். வீட்டுக்காரர் “உன் இஷ்டம்” என்கிறார், முகம் அப்படிச் சொல்லவில்லை. மாமியார் ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் பெரிய பயம்.

மாதம் 16,000 குறைவு. மனசுக்காக இதைச் செய்வது பைத்தியக்காரத்தனமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

எட்டு வருட கௌரவம்:

மேடம், நான் விழுப்புரம் மாவட்டம், இதே வேலையில் எட்டு வருடம். முதலில் பயமுறுத்திவிடுகிறேன், மன்னிக்கவும்.

25,000 என்பது மாதா மாதம் ஒன்றாம் தேதி வரும் 25,000 என்று நினைக்காதீர்கள். நிதி ஒதுக்கீடு வர வேண்டும். இரண்டு மாதம், மூன்று மாதம் சேர்த்து வந்தது உண்டு. தகுதியுள்ள கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் அதிகபட்சம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2019-லேயே சொல்லிவிட்டது. அந்தச் சுற்றறிக்கை என் போனில் பிடிஎஃப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நிரந்தரப் பேராசிரியர் யாராவது மாறுதலில் உங்கள் இடத்துக்கு வந்தால் நீங்கள் நகர வேண்டியதுதான். பெயரில் மட்டும்தான் கௌரவம்.

இன்னொன்று. கையெழுத்துப் போடுகிற வேலையில் இருந்து தப்பித்து வருகிறேன் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கல்லூரிக்குத் தரமதிப்பீடு போட நாக் குழு வரும் வருடம் நீங்கள் பார்க்கப்போகும் ஃபைல்களைப் பார்த்தால் உங்கள் கம்பெனியே தேவலை என்பீர்கள். ப்ராக்டிகலில் முப்பது பிள்ளைகள், ப்யூரெட் பாதி ஒழுகும். உங்கள் அரைத் துளி அங்கே எத்தனை பேருக்குப் போய்ச் சேரும் என்று பாருங்கள்.

சரி, பிறகு நீ ஏன் இன்னும் இருக்கிறாய் என்று கேட்பீர்கள். போன செமஸ்டரில் ஒரு பையன், காலையில் பால் வண்டி ஓட்டிவிட்டு வருபவன், பீரியாடிக் டேபிளில் குரோமியத்தின் எலக்ட்ரான் அமைப்பு ஏன் வரிசை மாறுகிறது என்று வகுப்பு முடிந்த பிறகு கேட்டான். மணி அடித்தும் இருவரும் அரை மணி நேரம் நின்றுகொண்டிருந்தோம். அதனால்தான் இருக்கிறேன். மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மில் தாத்தா, புதுச்சேரி:

அம்மா, நான் முத்தியால்பேட்டை. 71 வயது. நூல் மில்லில் 26 வருடம். கவர்மெண்ட் வேலை மாதிரி என்று சொல்லிப் பெண் கொடுத்தார்கள். மில் மூடினபோது அந்த மாதிரிக்கு அர்த்தம் புரிந்தது. ஆகவே “இருக்கிற வேலை நிலையானது” என்று சொல்பவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது, உன் சிப்காட் உட்பட.

நான் கேட்பது வேறு. மாசத்துக்கு 41,000 என்றாய். எத்தனை மணி நேரத்துக்கு? எங்கள் ஊரில் 1936 ஜூலை 30-ம் தேதி மில் தொழிலாளர்களைப் பிரெஞ்சுக்காரன் சுட்டான். பன்னிரண்டு பேர் செத்தார்கள். அடுத்த வருடம் எட்டு மணி நேர வேலை சட்டமாக வந்தது. அந்த எட்டு மணி நேரத்தின் விலை எங்கள் அப்பா தலைமுறைக்குத் தெரியும். அடுத்த ஷிப்டுக்கு மாற்ற வேண்டிய ரிலீவர் வரவில்லை என்று நீ பன்னிரண்டு மணி நேரம் நிற்கிறாயா, பஸ்ஸில் எத்தனை நேரம் போகிறது, எல்லாம் சேர்த்து ஒரு வாரம் எழுதிப் பார். பால் கணக்கு நோட்டிலேயே எழுது. திருத்தினால் கையெழுத்துப் போட மறக்காதே.

பிஎஃப் கணக்கு:

சகோதரி, மனசைப் பற்றி நான் பேசவில்லை, அது என் டிபார்ட்மெண்ட் இல்லை. நெய்வேலியில் ஒரு ஒப்பந்த நிறுவனத்தில் சம்பளக் கணக்குப் பார்ப்பவன்.

ஐந்து வருடம் தாண்டிவிட்டதால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. கடைசி அடிப்படைச் சம்பளமும் டிஏவும் (அகவிலைப்படி) சேர்த்து, அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டும். உதாரணத்துக்கு 18,000 என்றால் ஏழு வருடத்துக்குச் சுமார் 72,700 வரும். ராஜினாமா செய்யும்போது கேட்டு வாங்குங்கள், அவர்களாக நினைவுபடுத்துவார்கள் என்று இருக்க வேண்டாம்.

பிஎஃப் பென்ஷனுக்குப் பத்து வருட சர்வீஸ் வேண்டும். உங்களுக்கு ஏழு. இங்கேதான் எல்லாரும் அவசரப்பட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுத்துவிடுகிறார்கள். எடுக்காமல் 10சி படிவத்தில் ஸ்கீம் சர்டிஃபிகேட் வாங்கி வையுங்கள். நாளைக்கு மறுபடி பிஎஃப் உள்ள வேலைக்குப் போனால் ஏழு வருடமும் சேர்ந்துகொள்ளும்.

என்னை உறுத்துவது இதுதான். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். உங்கள் கல்லூரிச் சம்பளம் இல்லாத மாதம் மே. அதாவது வீட்டில் இரண்டு வருமானமும் ஒரே நேரத்தில் நிற்கும், ஜூனில் பள்ளிக் கட்டணம் வந்து வாசலில் நிற்கும். மாதம் 16,000 குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பிரச்சினை 16,000 இல்லை, மே மாதம்.

பலாக்காடு:

பண்ருட்டி. மேலே கணக்கு நண்பர் சொன்னதைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தடைக்காலமும் எங்கள் பலா சீசனும் ஒன்றாகவே வரும். ஏப்ரல், மே, ஜூனில் சின்ன வண்டி கிடைக்காமல் நாங்கள் அலைகிறோம். உங்கள் வீட்டுக்காரர் ஏன் வீட்டில் இருக்கிறார்?

முதுநகர்க்காரி:

பலாக்காடு அண்ணா, வண்டியில் மீன் வாடை அடிக்கிறது என்று இரண்டு வருடம் முன்னால் ஒரு மண்டியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதோடு அவர் அந்தப் பக்கம் போகவில்லை. வைராக்கியம்.

பலாக்காடு:

பழத்தில் வாடை ஏறிவிட்டால் எவன் வாங்குவான், திருப்பி அனுப்பியது நியாயம்தான். ஐஸ் தண்ணீர் ஊறி ஊறி அடிப்பலகைக்குள் போயிருக்கும். மேலே எவ்வளவு கழுவினாலும் போகாது. பலகையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு அடித்து, தார்ப்பாயும் தனியாக ஒன்று வைத்துக்கொண்டால் போதும். கயிறும் வேறு வேண்டும், மீன் கட்டின கயிறு வேண்டாம். முதலில் ஒரு நடை கடலூர் உழவர் சந்தைக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதுநகர்க்காரி:

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

தாத்தா சொன்னபடி ஒரு வாரம் எழுதினேன். ஷிப்ட், ரிலீவர் வராமல் நின்றது, கம்பெனி பஸ் எல்லாம் சேர்த்து 67 மணி நேரம். பஸ்ஸில் தூங்கிய நேரத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்துச் சேர்த்துவிட்டேன்.

கல்லூரி லேபைப் போய்ப் பார்த்தேன். எட்டு வருட சார் சொன்னது சரி, ப்யூரெட் ஒழுகுகிறது. எங்கள் லேபில் அப்படி ஒன்று இருந்தால் அன்றைக்கே குப்பையில் போயிருக்கும். அங்கே ஒரு அண்ணன் ப்யூரெட்டைத் திறந்து மூடும் திருகில் லேசாக வாஸ்லின் தடவிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து நான்கு தடவினேன். அங்கே எனக்கு அந்த வேலைதான் கிடைக்கும் என்றால்கூடப் பரவாயில்லை என்று அப்போது தோன்றியது. அது உண்மையா, அந்த நேரத்து மயக்கமா என்று தெரியவில்லை.

கம்பெனியிலும் மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன், புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற பொறுப்பைத் தர முடியுமா என்று. தரலாம் என்றார். அது என்ன வேலை என்று பார்த்தால், வருடத்துக்கு ஒரு முறை கம்ப்யூட்டரில் பிபிடி ஸ்லைடு காட்டி, வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி ஃபைலில் வைப்பது.

வீட்டுக்காரரிடம் மே மாதக் கணக்கைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை வெளியே சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி அடிப்பலகையை நெம்பிக்கொண்டிருக்கிறார். மாமியார் பக்கத்தில் நின்று, “அந்த ஓரத்தையும் எடுடா, அங்கதான் நாறுது” என்கிறார்.

ராஜினாமாக் கடிதம் டைப் செய்துவிட்டேன், தேதி மட்டும் போடவில்லை. நோட்டீஸ் இரண்டு மாதம், அதை ஒரு மாதமாகக் குறைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். பிஎஃப் சார், அந்த 10சி படிவத்தை வேலையை விட்ட உடனே போடலாமா, காத்திருக்க வேண்டுமா? பலாக்காடு அண்ணா, பலகைக்கு ப்ளைவுட் போதுமா, இல்லை அலுமினியத் தகடுதான் வேண்டுமா என்று அவர் கேட்கச் சொன்னார்.