எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு: அக்கரையில செந்தில்

*ஞாயிறு*

கவிதா (விண்ட்சர், கனடா): நாளைக்கு ராத்திரி ஆத்தங்கரையில வாணவேடிக்கைங்ப்பா. நம்ம விண்ட்சருக்கும் எதிர்க்கரை டெட்ராய்ட்டுக்கும் ஒரே வேடிக்கைதான். எட்டு மணிக்கே போய் இடம் புடிச்சரலாம்.

அப்பா: செந்திலும் வர்றானா கண்ணு?

செந்தில் (டெட்ராய்ட், அமெரிக்கா): கனடா விசா இன்னும் வரலீங்ப்பா. நீங்க இங்க வரலாம்னா உங்களுக்கு அமெரிக்கா விசா இல்ல.

சித்தி (கோவை): ரெண்டு ஊரும் சிநேகிதம்ங்கறாங்க, பெத்தவங்களத் தாண்ட விட மாட்டீங்கறாங்களே 😂

பெரியப்பா (டொரண்டோ): 1959ல ஆரம்பிச்சதும்மா அது. இன்டர்நேஷனல் ஃப்ரீடம் ஃபெஸ்டிவல்னு பேரு. ஜூலை 1 கனடா நாள், ஜூலை 4 அமெரிக்கா சுதந்திர நாள், ரெண்டுக்கும் சேத்து ஒரே விழா. அப்ப டெட்ராய்ட்ல ஹட்சன்ஸ்னு பெரிய கடை இருந்துச்சு, வெடிச் செலவு அவங்களுது. ஆத்துல இழுவைப் படகுப் பந்தயம் கூட உண்டு. அப்பறம்தான் விழாவை மட்டும் ஆளுக்கொரு பேரு வெச்சுப் பிரிச்சுட்டாங்க. அப்பெல்லாம் நான் லைசென்ஸைக் காட்டியே பாலம் தாண்டிருவேன். 2009ல பாஸ்போர்ட்டோ அது மாதிரி ஒண்ணோ கட்டாயமாச்சு.

அப்பா: கவிதா, மேப்புல கனடா கீழ, அமெரிக்கா மேல காட்டுது. போனைத் தலைகீழாப் புடிச்சிருக்கனா?

கவிதா: 🤣🤣 இல்லீங்ப்பா. இந்த இடத்துல அப்படித்தான். நாம தெக்க, செந்தில் வடக்க.

அம்மா: 🎤 0:52

கவிதா: கேக்க நேரமில்லாதவங்களுக்கு: தேன்குழல் சுட்டாச்சு, செந்திலுக்கு யார் குடுப்பீங்க?

*திங்கள், ராத்திரி 9:40*

செந்தில்: ஹார்ட் பிளாசா வந்துட்டேன். உயரமா வட்டக் கட்டடம் தெரியுதுங்களா? அதுக்கு இடது பக்கம் பாருங்க.

அப்பா: நாங்க நேரெதிர்ல, டியப் கார்டன்ஸ். மணி பத்தாகப் போகுது, இப்பத்தான் இருட்டுது. போன் லைட்டை ஆட்டறேன். தெரியுதா?

செந்தில்: உங்க கரை முழுக்க போன் லைட்டுதானுங்ப்பா 😭

அப்பா: சிவப்புத் துண்டைப் போட்டு ஆட்டறேன்.

செந்தில்: அரை மைல் இருக்கும்ங்ப்பா!!

சித்தி: இங்க காலைல ஏழரை. இட்லி வேகுது. வீடியோ போடுங்க.

கவிதா: 📷 நடு ஆத்துல தட்டைப் படகுல வெச்சுக் கொளுத்தறாங்க. தண்ணிக்குள்ளயும் ஒரு வேடிக்கை தெரியுது பாருங்க.

அப்பா: செந்தில் போன்ல இருக்கான். வெடி ரெண்டு தடவ கேக்குது. ஒண்ணு காதுல, ஒண்ணு போன்ல.

அம்மா: தேன்குழல்

கவிதா: நாளைக்கு டூட்டிக்கு ஆத்துக்கடியில டன்னல்லதானே டெட்ராய்ட் போறேன், நானே கொண்டு போறேன்ம்மா. உள்ள பாதி வழியில ரெண்டு நாட்டுக் கொடியும் இருக்கும். அதத் தாண்டுனா தேன்குழலும் அமெரிக்கா போயிரும். "சாப்பிடற பொருள் இருக்கா"ன்னு கேப்பாங்க, உள்ளதச் சொல்லிருவேன்.

*செவ்வாய்*

செந்தில்: டப்பா வந்துருச்சும்மா. பாதிதான் இருக்கு.

கவிதா: டன்னல்ல நல்ல டிராஃபிக்டா.