திங்கட்கிழமை போன் கால் வேலை ஆரம்பம், நெட் எவ்வளவு வேணும்? அவசரம்!

பேஸ்மெண்ட்வாசி: டொராண்டோ வந்து மூணு வாரம் ஆச்சு. ஸ்கார்பரோவுல பேஸ்மெண்ட் வாடகை. கஸ்டமர் சப்போர்ட் வேலை, வீட்டுல இருந்தே ஹெட்செட் மாட்டி நெட் வழியா பேசணும். நேத்து டெஸ்ட் கால்ல என் குரல் தகர டப்பாவுல கல்லைப் போட்டு உருட்டின மாதிரி இருந்துச்சாம். ட்ரெயினர், "திங்கட்கிழமையும் இப்படியே இருந்தா..."னு இழுத்துட்டு வச்சுட்டாங்க. எத்தனை எம்பிபிஎஸ் (நெட் வேகம், செகண்டுக்கு இத்தனை மெகாபிட்) பிளான் எடுக்கணும்?

மார்க்கம் மாமா: தம்பி, நான் 1998ல வரேக்க காலிங் கார்ட்தான். பூத்துக்குள்ள குளிரில நிண்டு சுரண்டி நம்பர் அடிப்பன். கொழும்பு லொட்ஜில அம்மா காத்திருப்பா. "சாப்பிட்டியோ" எண்டு கேக்க முன்னம் காசு முடிஞ்சிடும். உங்களுக்கு வந்த உடன வைஃபை! காசைப் பாக்காமல் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், எடுங்கோ.

பாக்கெட் பாண்டி: ஒரு காலுக்கு ஜிகாபிட்டா மாமா? ஜி.711 கோடெக்குல, அதாவது குரலை டிஜிட்டலா மாத்துற ஒரு முறையில, குரல் செகண்டுக்கு 64 கிலோபிட். அதைத் துண்டு துண்டா, செகண்டுக்கு 50 பாக்கெட்டா அனுப்பும், ஒவ்வொண்ணு தலையிலயும் முகவரி மாதிரி 40 பைட் ஹெட்டர், அது ஒரு 16 கிலோபிட். ஈதர்நெட் (கேபிள் நெட்வொர்க்) போடுற ஹெட்டரையும் சேத்தா சுமார் 87. போக 87, வர 87, அவ்வளவுதான். குரலை இன்னும் சுருக்குற ஜி.729னா 31லயே முடிஞ்சிடும். பிளானை மாத்தாதீங்க.

குளிர்காரி: ஏட்டுச் சுரைக்காய். எங்க வீட்டுல 300 எம்பிபிஎஸ் இருந்தும் கட் ஆச்சு. ஆமா, "இன்டர்நெட் இன்க்ளூடட்"னு சொல்லித்தானே வீடு குடுத்தாங்க? எனக்கு ஹீட்டரும் இன்க்ளூடட்தான். தெர்மோஸ்டாட் மட்டும் ஓனர் பெட்ரூம்ல.

மார்க்கம் மாமா: ஹீட்டரைப் பற்றி என்னட்டக் கேளுங்கோ...

பாக்கெட் பாண்டி: மாமா, அதுக்குத் தனி இழை போடலாம். பேஸ்மெண்ட், அப்லோடு எவ்வளவு? வைஃபையா, கேபிளா? அந்த நேரம் வேற யாரு நெட்ல?

பேஸ்மெண்ட்வாசி: டவுன்லோடு 75, அப்லோடு 8. வைஃபைதான், ரூட்டர் மாடியில. ஓனர் பையன் சாயங்காலமானா கேம் வீடியோ ஏத்துவான். அதைச் சொல்ல மறந்துட்டேன்.

பாக்கெட் பாண்டி: இதை முதல்லயே சொல்லக் கூடாதா! கணக்குப்படி அந்த 8 எம்பிபிஎஸ்ல, அதாவது 8000 கிலோபிட்ல, 90 கால் போகும். ஆனா அவன் வீடியோ அப்லோடை அடைச்சா உங்க குரல் ரூட்டர்ல வரிசையில நிக்கும். ஒரு பக்கத்துக்கு 150 மில்லிசெகண்டுக்குள்ள போய்ச் சேர்ந்தா நல்லது. ரொம்ப லேட்டா வர்ற பாக்கெட்டை சாஃப்ட்வேரே தூக்கிப் போட்டுடும், அதான் தகர டப்பா. அவன் ஏத்தும்போது பிங் (பாக்கெட் போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்ட்னு காட்டுற கமாண்ட்) ஓட விட்டுப் பாருங்க. 20ல இருந்து 400க்குத் தாவினா சந்தேகமே வேண்டாம். ரூட்டர்ல கியூஓஎஸ் (யாருக்கு முதல் வழின்னு சொல்ற செட்டிங்) இருந்தா உங்க லேப்டாப்பை முன்னுக்குப் போட்டு, மொத்த அப்லோடை 7ல கட்டுங்க. அதுக்கு முன்னாடி கேபிள். பேஸ்மெண்ட் வைஃபையை நம்பாதீங்க.

பேஸ்மெண்ட்வாசி: 15 மீட்டர் கேபிள் வாங்கிட்டேன். படி வழியா இழுக்க ஓனர் விடணுமே?

குளிர்காரி: அவர்கிட்ட கேக்காதீங்க. வீட்டம்மாகிட்ட கேளுங்க.

பேஸ்மெண்ட்வாசி: கேட்டாச்சு. கார்பெட் ஓரமா டேப் போட்டு ஒட்டச் சொன்னாங்க. பையன் ராத்திரி 11க்கு மேல ஏத்துவானாம்.