கண்டியை நடந்தே பார்க்க எங்கே தொடங்கலாம்?

ஹட்டன்காரி:
வணக்கம். அடுத்த மாதம் அம்மாவையும் மகனையும் கூட்டிக்கொண்டு கண்டிக்கு வருகிறேன், ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. எப்போது வந்தாலும் தலதா மாளிகை (புத்தரின் பல் வைத்திருக்கும் கோவில்), வாவிக்கரை, துணிக்கடை, அப்புறம் பஸ் என்றே முடிந்துவிடுகிறது. இந்த முறை தெருத்தெருவாக நடந்து பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற்றம் ஏலாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாவிக்கரைவாசி:
தங்கச்சி, மாளிகையிலிருந்தே தொடங்குங்கள், ஆனால் கும்பிட்டுவிட்டு நேராக ரோட்டுக்கு வந்துவிடாதீர்கள். முன்னாலேயே நாத தேவாலயம், பத்தினி தேவாலயம் (இங்கே தேவாலயம் என்றால் தெய்வங்களுக்கான கோவில்), ஒட்டினாற்போல வெள்ளைக்காரர் காலத்துச் செங்கல் கட்டடமாகப் பரிசுத்த பவுல் ஆலயம், எல்லாம் கூப்பிடு தூரத்தில், சமதரையில் இருக்கின்றன. பத்தினி என்பது நம் கண்ணகிதான், அம்மாவிடம் சொன்னால் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நகர்வார். அங்கிருந்து கொட்டுகொடல்ல வீதிக்குள் போனால் கதிர்காம தேவாலயம். வாசல் கடைகளுக்கு நடுவில் இருக்கிறது, கவனிக்காமல் நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். எனக்குக் கண்டியில் மிகவும் பிடித்த இடம் அதுதான். சிங்களவரும் தமிழரும் தேங்காயும் பழமுமாக ஒரே முருகனிடம் வருகிறார்கள்.

பழைய வீதி:
மலபார் வீதியை விட்டுவிடாதீர்கள். 1739இலிருந்து 1815இல் ராஜ்ஜியம் போகும் வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்க வம்சத்தார், மதுரைப் பக்கத்து உறவுக்காரர்கள். அவர்களுடைய சொந்தபந்தம் குடியிருந்த தெரு அது. இன்று பார்த்தால் சாதாரணத் தெருதான், பெரிய மாளிகை எதுவும் எதிர்பார்க்க வேண்டாம், ஆனாலும் கண்டிக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பு காப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்த பிறகுதான் தொடங்கியது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்ப்பலகையைக் காட்டியே ஆக வேண்டும். கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வெள்ளைக்காரர்கள் பிடித்து வேலூருக்கு அனுப்பினார்கள், 1832இல் அங்கேயே இறந்துபோனார். நீங்கள் பார்க்கும் வாவியும் அவர் வெட்டியதுதான், முன்பு அது வயல்.

கட்டுக்கலைப்பொண்ணு:
அக்கா, எங்கள் பக்கமும் வாங்க! பேராதனை வீதியில் செல்வ விநாயகர் கோவில் இருக்கிறது. மாளிகையிலிருந்து அம்மாவை நடக்க வைக்க வேண்டாம், அதற்கு மட்டும் பஸ் ஏறுங்கள். வாவியைச் சுற்றி வர மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அம்மா கரையோர நிழலில் உட்காரட்டும், மகன் தண்ணீரில் கபரகொய்யா (பெரிய நீர் உடும்பு) தேடட்டும்.

ஹட்டன்காரி:
மிக்க நன்றி எல்லோருக்கும். மலபார் வீதி பெயரைப் பஸ்ஸில் போகும்போது கேட்டிருக்கிறேன், காரணம் இப்போதுதான் தெரிகிறது. காலையில் தேவாலயங்கள், வெயில் ஏறுமுன் மலபார் வீதி, சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையார், சரியா?

வாவிக்கரைவாசி:
சரி. போயா (பௌர்ணமி) நாளில் மட்டும் வேண்டாம், மாளிகைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. அப்புறம் தோளும் முழங்காலும் மூடிய உடுப்பாகப் போடுங்கள், மகனுக்கும்தான், கட்டைக் காற்சட்டையோடு உள்ளே விடமாட்டார்கள்.