ஸ்லீவ் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகும்போது பையில் என்னென்ன வைக்கணும்?

கொளத்தூர்வாசி:
அக்காவுக்கு அடுத்த வாரம் உடல் எடை குறைக்கும் ஸ்லீவ் ஆபரேஷன், வடபழனியில். முதல் நாள் சாயங்காலம் அட்மிஷன், மூணு நாள் இருக்கணுமாம். சுகர் இருக்கு. தூக்கத்தில் மூச்சுத் திணறாமல் இருக்க, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் மெஷினை மாட்டித்தான் ராத்திரி தூங்குவாங்க. கூட நான் இருப்பேன். எதையெல்லாம் எடுத்துப் போகணும், எதை வீட்டிலேயே விடணும்?

பகல்டியூட்டி:
முதலில் சிபாப். மெஷினோடு அவங்க முகத்துக்குப் பழகின மாஸ்க், ஹோஸ், அடாப்டர், டிஸ்டில்டு வாட்டர் எல்லாம் போகணும். பிரஷர் செட்டிங்கைப் போட்டோ எடுத்து மயக்க டாக்டரிடம் காட்டுங்க. மயக்க மருந்தும் வலி மருந்தும் சேர்ந்து மூச்சை மந்தமாக்கும் என்பதால், ஆபரேஷன் முடிந்த முதல் ராத்திரி சிபாப் இல்லாமல் தூங்கவே கூடாது.

முன்பக்கம் ஜிப் வைத்த தொளதொள காட்டன் நைட்டி நாலு போதும். பாவாடை நாடா, ஆபரேஷனுக்காக வயிற்றில் துளை போட்ட இடத்திலேயே உராயும், அது வேண்டாம். குனிய முடியாது, அதனால் கால் நுழைத்தால் போதும் என்கிற, வழுக்காத செருப்பு. தாலிச் செயின், மெட்டி, வளையல் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். தியேட்டரில் கரன்ட் வைத்து ரத்தக்குழாயை அடைக்கும்போது உலோகம் பட்ட இடம் சுடலாம். மூக்குத்தித் திருகு இறுகியிருக்கும், இரண்டு நாள் முன்பே எண்ணெய் விட்டுக் கழற்றுங்க. நகப்பூச்சும் வேண்டாம், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி தப்பாகக் காட்டும்.

காலுக்குப் போடும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸைக் குத்துமதிப்பாக வாங்கிடாதீங்க. தொடையும் ஆடுசதையும் அளந்துதான் வாங்கணும். அளவு தப்பினால் மேல் விளிம்பு சுருண்டு கயிறு கட்டின மாதிரி ரத்தத்தைத் தடுக்கும்.

மருந்துச்சீட்டு:
மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போடாமல் அட்டையோடு கொண்டு போங்க. நர்ஸ் பெயரும் டோஸும் பார்க்கணும். டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை சுகர் மாத்திரை இருந்தால் இன்னைக்கே டாக்டருக்குப் போன் பண்ணுங்க. வழக்கமாக மூணு நாள் முன்பே நிறுத்தச் சொல்வாங்க. சாப்பாடு குறைந்த நேரத்தில், சுகர் சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறிவிடும். சுகருக்கும் எடைக்கும் போடும் செமாக்ளுடைட் ஊசி போடுறாங்கன்னா அதையும் சொல்லணும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும்.

ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையைப் பொடித்துத் தரச் சொல்லலாம். ஆனால் பெயரோடு எஸ்ஆர், எக்ஸ்எல் இருந்தால் பொடிக்கவே கூடாது, நாள் முழுக்க இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிடும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகள் பையில் வேண்டாம், வயிற்றில் புண்ணாக்கும்.

இன்சூரன்ஸ் ஃபைலில் ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சைப் பார்க்கும் டெஸ்ட்), ஹெச்பிஏ1சி (மூணு மாத சராசரி சுகர்) ரிப்போர்ட் இரண்டும் மேலாக இருக்கட்டும். பிஎம்ஐ (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு) 40 தாண்டாமல் 35க்கு மேல் என்றால், கட்டுப்படாத சுகரோ கடுமையான தூக்க மூச்சுத்திணறலோ இருப்பதற்கு ஆதாரம் கேட்பாங்க.

கொளத்தூர்வாசி:
ரொம்ப நன்றிங்க. ஃப்ளாஸ்கில் கஞ்சித் தண்ணி, ஹார்லிக்ஸ் எடுத்துப் போகலாமா?

தெளிந்தசூப்:
வேண்டவே வேண்டாம். வயிற்றில் முக்கால் பாகத்தை எடுத்துவிட்டு, மீதியை நீளமாக ஸ்டேப்பிள் போட்டிருப்பாங்க. அங்கே வார்டில் கொடுப்பதை மட்டும், கொடுக்கச் சொன்ன பிறகு கொடுங்க. நீங்க கொண்டு போக வேண்டியது இருமல் சிரப்போடு வரும் அளவு மூடி. 30 மில்லியை 15 நிமிஷத்துக்குப் பரப்பிக் குடிக்கணும். டம்ளரில் கொடுத்தால் பழக்க தோஷத்தில் மடக்குன்னு விழுங்கிடுவாங்க, உடனே நெஞ்சடைப்பும் வாந்தியும்தான். ஸ்ட்ராவும் சோடாவும் கூடாது.

புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக வாங்காதீங்க. ஆபரேஷனுக்குப் பிறகு பலருக்கு நாக்கு ருசியே மாறிடும், பிடித்த வாசனை குமட்டும். சின்ன பாக்கெட்டில் இரண்டு மூணு வகை வாங்கிப் பாருங்க. உங்க சாப்பாட்டை ரூமில் பிரிக்காமல் கேன்டீனில் முடிச்சிட்டு வாங்க, ப்ளீஸ்.

பகல்டியூட்டி:
ஒரு சின்னத் தலையணையும் சேர்த்துக்கோங்க. இருமும்போது வயிற்றில் அணைத்துக்கொள்ள, வீடு திரும்பும்போது சீட் பெல்ட்டுக்கு அடியில் வைக்க. ஆட்டோ வேண்டாம், ஸ்பீட் பிரேக்கர் ஒவ்வொன்றும் வலிக்கும். தோள்பட்டை வலி முதல் ஓரிரு நாள் இருக்கும், ஆபரேஷனுக்காக வயிற்றை உப்ப வைத்த வாயுவால் வருவது, நடந்தால் குறையும். ஆனால் நாடி 120க்கு மேல், காய்ச்சல், மூச்சு வாங்கல், கூடிக்கொண்டே போகும் வலி, இதில் எது வந்தாலும் தெருமுனை கிளினிக் போகாமல் ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்க. தையலில் கசிவாக இருக்கலாம். வாந்தி நிற்காவிட்டாலும் அங்கேயே போங்க. வேறு எங்காவது டிரிப் போட நேர்ந்தால், குளுக்கோஸுக்கு முன்னால் தயமின் (வைட்டமின் பி1) ஏற்றச் சொல்லுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியை உங்க போனிலும் அக்கா போனிலும் போட்டோவாக வையுங்க.