வளைவுத் தொடர்ச்சிக்கு வேறு சொல் உண்டா? வெள்ளிக்குள் வேண்டும்

ஆய்வக ஆசிரியை:
அனைவருக்கும் வணக்கம். தமிழ்வழி இயந்திரவியல் மாணவர்களுக்கான கேட் (கணினிவழி வடிவமைப்பு) ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பயிற்சியில் சிக்கி நிற்கிறேன். உருளைத் தொட்டியின் மேல் குவிமாட மூடி வரையவேண்டும். மூடி உருளையோடு சேரும் இடத்தில் மென்பொருள் மூன்று தேர்வுகளைத் தருகிறது. விளிம்புகள் தொட்டால் போதும் என்பது ஜி0. அங்கே தொடுகோடும் பொருந்தவேண்டும் என்பது ஜி1. வளைவின் அளவும் பொருந்தவேண்டும் என்பது ஜி2. இந்த மூன்றாவதை 'வளைவுத் தொடர்ச்சி' என்று எழுதினால், "மேடம், ஜி1-லயும் வளைவு விடாமத்தானே போகுது?" என்கிறார்கள். கேள்வி நியாயமானது. குட்டையாக ஏதாவது சொல்லுங்களேன்.

மொழிபெயர்ப்பாளர்:
வழவழப்பு?

திருச்சிப் பட்டறைக்காரர்:
வேண்டவே வேண்டாம் சார். வழவழப்பு என்றால் எங்களுக்கு பினிஷிங். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் வருவது. இது வேறு. டேங்குக்குப் போடும் டிஷ் எண்டையே, அதாவது தட்டுபோல் குவிந்த மூடியையே, எடுத்துக்கொள்ளுங்கள். நடுப்பகுதியின் ஆரம் டேங்கின் விட்டம் அளவு, ஓரத்தில் உருளையை நோக்கி மடங்கும் நக்கிள் பகுதியின் ஆரம் அதில் பத்தில் ஒன்று என்பது ஒரு வழக்கமான அளவு. 2000 மி.மீ. டேங்க் என்றால் நடுவில் 2000, ஓரத்தில் 200. கையால் தடவினால் ஒன்றும் தட்டாது. ஆனால் ஆரம் 2000-லிருந்து 200-க்கு ஒரே கோட்டில் தாவுகிறது. அது ஜி1-தான். அழுத்தம் ஏற்றும்போது தகைவு (ஸ்ட்ரெஸ்) கூடுவதும் அந்த நக்கிள் பக்கம்தான். திரையில் காட்ட, பரப்பின்மேல் கறுப்பு வெள்ளைப் பட்டைகளாக விழும் வரிக்குதிரைக் கோடுகளைப் போடச் சொல்லுங்கள். ஜி0-ல் கோடு சேருமிடத்தில் விலகி நிற்கும். ஜி1-ல் சேர்ந்துகொள்ளும், ஆனால் ஒடியும். ஜி2-ல் சேர்ந்த இடமே தெரியாமல் ஓடிவிடும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் 'இழைவு'. சுருதியோடு குரல் இழைந்து போகிறது என்கிறோமே, அந்த இழைவு. மூன்று எழுத்து, நான் தமிழாக்கும் மென்பொருளின் தேர்வுப் பட்டியில் அழகாக உட்காரும்.

திருச்சிப் பட்டறைக்காரர்:
வார்ப்புக்கு மர அச்சு செய்யும் பேட்டர்ன் ஷாப்பில் இழைப்பு என்றால் இழைப்புளி போட்டு மரம் சீவுவது. பையன் அதைத்தான் நினைப்பான்.

புலவர்:
வெளியே தேடவேண்டியதே இல்லை. மணி, அடித்தது இரண்டும் சேர்ந்தால் மணியடித்தது. இரண்டு உயிர்கள் நேரே முட்டாதபடி யகரம் நடுவில் வந்து நிற்கிறது. உடம்படுமெய், நன்னூல் 162. இ, ஈ, ஐ வழி யகரம். ஏகாரத்தின் முன் யகரமும் வரும், வகரமும் வரும். ஏனைய உயிர்களுக்கு வகரம். ஆக ஜி2 பரப்பை 'உடம்படு பரப்பு' எனலாம்.
இன்னொன்று. வளைவு என்பதற்கே பழைய சொல் 'கொடுமை'. கொடு என்றால் வளைந்த. செங்கோலுக்கு எதிர் கொடுங்கோல் ஆனது அதனால்தான். 'கொடுமைத் தொடர்ச்சி' பிழையற்ற தமிழ்.

ஆய்வக ஆசிரியை:
ஐயா, தேர்வுத்தாளில் அதைப் பார்த்தால் மாணவர்கள் ஒருவர் விடாமல் ஒப்புக்கொள்வார்கள்.

யாழ்ப்பாணத்து ஆசிரியர்:
புலவர் ஐயாவின் விளக்கம் நன்று, வகுப்புக்கு உதவாது. உடம்படுமெய் இடையில் புதிதாக வந்து சேருகிற எழுத்து. இங்கே அப்படி எதுவும் நுழையவில்லை, இரண்டு பரப்பும் தாமே பொருந்துகின்றன. சிக்கல் 'வளைவு' என்ற சொல்லில்தான் இருக்கிறது. வளைந்த கோடும் வளைவு, எவ்வளவு வளைந்தது என்ற அளவும் வளைவு. பிள்ளைகள் கோட்டை நினைத்துக் கேட்கிறார்கள், நீங்கள் அளவைச் சொல்கிறீர்கள். அளவுக்கு 'வளைமை' என்று தனிச்சொல் வைத்தால் தீரும். தொடர்ச்சியை விட்டு 'ஒப்பு' என்று போடுங்கள். தொடலி ஒப்பு, வளைமை ஒப்பு. எங்கள் பாடநூல்களில் தொடுகோட்டுக்குத் தொடலி என்றுதான் வரும், குட்டையும்கூட. சேருமிடத்தில் இரு பக்க அளவும் ஒன்று என்பது சொல்லிலேயே விளங்கும்தானே?

மொழிபெயர்ப்பாளர்:
விளங்கும். ஆனால் இழைவில் இருக்கிற உயிர் அதில் இல்லை.

திருச்சிப் பட்டறைக்காரர்:
உயிர் இருக்கட்டும் சார். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் ஜி2 பற்றித்தான் கேட்பார். 'கர்வேச்சர்' என்றே தமிழில் எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும்?

புலவர்:
தமிழ்வழி என்ற பெயர் குறைந்துவிடும். வளைமை சரிதான், கொடுமைக்கு மைவிகுதி இருப்பதுபோல இதற்கும் இருக்கிறது. என் பரிந்துரையைக் கைவிடவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

ஆய்வக ஆசிரியை:
நாளை அச்சு, இனி இழுக்க முடியாது. வளைமை ஒப்புக்குத்தான் ஆதரவு அதிகம், அதுவே போகிறது. பட்டறைக்காரர் சொன்னதற்காக ஒவ்வொரு இடத்திலும் பக்கத்தில் ஜி2 என்று இருக்கும். தொடலியை மட்டும் எடுக்கவில்லை. இங்கே பள்ளியிலிருந்தே தொடுகோடு என்று படித்து வருகிறார்கள், குழம்புவார்கள். டிஷ் எண்ட் கணக்கை அப்படியே பயிற்சியாகச் சேர்த்துவிட்டேன், நன்றி. அப்புறம், நான்கு ஓரம் உள்ள பரப்பின் ஒரு ஓரத்தைக் குவிமாட உச்சியில் ஒரே புள்ளியாகச் சுருக்கினால் அங்கே கிள்ளிவிட்டதுபோல் ஒரு சுருக்கம் விழுகிறதே, அதற்கும் ஒரு சொல் வேண்டும். அடுத்த பதிப்புக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

மொழிபெயர்ப்பாளர்:
மென்பொருள் கோப்பில் இழைவு என்றே விடுகிறேன். கையேட்டில் ஒன்று, பட்டியில் ஒன்று என்று மாணவர்கள் கேட்டால் என்னிடம் அனுப்புங்கள்.