அப்ரெண்டிஸ் காலத்தில் முதன்முதலாகப் பொறுப்பு கைக்கு வந்த கதை: உங்கள் அனுபவம் என்ன?

லேத்காரன்:

நானே ஆரம்பிக்கிறேன். டர்னர் (லேத் என்ற கடைசல் மெஷின் ஓட்டுபவர்) அப்ரெண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராக, இரண்டாம் வருடம். புதிதாக வந்த இரண்டு பேரைக் காட்டி, "ஸ்டெப் டர்னிங் பண்ணட்டும், நீ பாத்துக்க" என்று சொல்லிவிட்டு ஃபோர்மேன் போய்விட்டார். ஸ்டெப் டர்னிங் என்றால் ஒரே கம்பியைப் படிப்படியாக வெவ்வேறு விட்டத்துக்குக் கடைவது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாளே சொதப்பினேன். ஒரு தம்பி ஃபேசிங் (முனையைத் தட்டையாகக் கடைவது) ஓட்டியபோது ஜாப்பின், அதாவது கடைகிற கம்பியின், நடுவில் குமிழ் மாதிரி ஒரு துண்டு நின்றது. டூல் (வெட்டும் உளி) முனை சென்டருக்கு, அதாவது ஜாப் சுழலும் நடு அச்சுக்கு, கீழே இருக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்தது. "தள்ளு" என்று ஸ்பேனரைப் பிடுங்கி, டூலுக்கு அடியில் ஒரு தகடு கொடுத்து, லேத்தின் மறுமுனையில் இருக்கும் டெயில்ஸ்டாக் சென்டரின் கூர்முனையோடு சேர்த்துப் பார்த்து இறுக்கிக் கொடுத்தேன். ஒரே பெருமை. அடுத்த நாள் டூல் மாற்றியதும் அதே குமிழ், அதே கூப்பாடு. மறுபடியும் நானே செய்து கொடுத்தேன். மூன்றாம் முறை ஃபோர்மேன் பார்த்துவிட்டார். "டூல் செட் பண்ணவா உன்ன விட்டேன்? கையப் பின்னாடி கட்டிக்கிட்டு நில்லு. வாயால மட்டும் சொல்லு."

அப்போதுதான் என் வண்டவாளம் தெரிந்தது. "சென்டருக்கு மேல வச்சா என்னண்ணே ஆகும்?" என்று அந்தத் தம்பி கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. கைக்குத் தெரிந்தது வாய்க்குத் தெரியவில்லை! சாயங்காலம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொன்னேன்: மேலே போனால் கிளியரன்ஸ் (டூலின் முகத்துக்கும் ஜாப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி) குறைந்து, வெட்டுவதற்குப் பதில் டூலின் முகம் ஜாப்பில் உரசும்.

அதைவிடக் கஷ்டம் தப்பைப் பார்த்துக்கொண்டே சும்மா நிற்பது. 25 மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டும், இன்னும் அரை மில்லிமீட்டர் எடுக்க வேண்டும். தம்பி, டூலை உள்ளே தள்ளும் கிராஸ் ஸ்லைடு டயலில் 0.5 வைத்தான். அந்த மெஷினில் டயல் காட்டுவது வெட்டின் ஆழம். விட்டத்தில் இரண்டு மடங்கு போய்விடும். என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அது பயிற்சிப் பீஸ், போனால் போகட்டும் என்று விட்டேன். வெர்னியர் அளவுகோல் வைத்து 24.5 என்று படித்துவிட்டு அவனே டயலையும் ஜாப்பையும் மாறி மாறிப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்தத் தப்பு அவனிடம் வரவே இல்லை.

அதே தம்பி இன்னொரு நாள் சக் கீயை (ஜாப்பைப் பிடிக்கும் சக்கை இறுக்கும் சாவி) சக்கிலேயே விட்டுவிட்டு ஸ்டார்ட் லீவருக்குக் கையை நீட்டினான். மெஷின் சுழன்றால் அந்தச் சாவி பறந்து வந்து அடிக்கும். அங்கே கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? ஷாப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். எதைக் கெட விடலாம், எதில் ஒரு நொடிகூடப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கப் பழகவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

பேனல் பக்கம்:

எனக்குக் கீழே யாரும் இல்லை, மேலேதான் எல்லாரும். எலக்ட்ரிகல் அப்ரெண்டிஸ், முதல் வருடம். சீனியர் அண்ணன் ஒரு மோட்டார் பேனலை (மோட்டாரை இயக்கும் மின்பெட்டி) திறந்து, "ஆஃப் பண்ணியாச்சு, வா" என்றார். பிரேக்கரைப் பார்த்தேன். யாரும் தெரியாமல் திரும்ப ஆன் பண்ணிவிடாதபடி மாட்டும் பூட்டும் இல்லை, எச்சரிக்கை டேக்கும் இல்லை. இருபது வருட அனுபவக்காரரிடம் போய் என்னவென்று சொல்வது?

"அண்ணே, நான் டெஸ்ட் பண்ணிப் பழகவே இல்ல. ஒரு தடவை பண்ணிப் பாக்கட்டா?" என்றேன். சிரித்துக்கொண்டே மீட்டரைக் கொடுத்தார். சொல்லிக் கொடுத்த மாதிரியே முதலில் லைவ் என்று தெரிந்த இடத்தில் வைத்து மீட்டர் வேலை செய்கிறதா என்று பார்த்தேன். அப்புறம் பேனலுக்குள் ஒவ்வொரு டெர்மினலாக (வயர் மாட்டும் இடம்). பவர் பக்கம் எல்லாம் செத்திருந்தது. கண்ட்ரோல் டெர்மினல் ஒன்றில் வோல்டேஜ் காட்டியது. அதற்கு வேறு பேனலிலிருந்து தனி சப்ளை. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. போய் இரண்டையும் ஆஃப் செய்து, பூட்டுப் போட்டு, சாவியை என் கையில் கொடுத்தார்.

கேள்வியாகக் கேட்டதால்தான் அவருக்குச் சுருக்கென்று படாமல் போனது என்று நினைக்கிறேன். ஆனால் கை உள்ளே போய்க்கொண்டிருந்தால் இந்த மரியாதையெல்லாம் பார்க்கக் கூடாது, "நிறுத்துங்க"தான்.

கிரைண்டர்:

லேத்காரன் சொன்ன மாதிரி தானே செய்து கொடுக்காமல் வேலை பழக்குவதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. 1940-45இல் அமெரிக்காவில் போர்க்காலத் தொழிற்சாலைகளில் புது ஆட்களுக்கு வேகமாக வேலை பழக்க டி.டபிள்யூ.ஐ. (டிரெயினிங் விதின் இண்டஸ்ட்ரி) என்ற திட்டம் ஓடியது. அதில் வேலை சொல்லிக் கொடுக்க நான்கு படி: ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்ய வை, பிறகு வந்து பார். மூன்றாம் படியில் கற்பவர் செய்துகொண்டே முக்கியமான இடங்களைத் தன் வாயால் சொல்ல வேண்டும். நம்மில் பாதிப் பேர் இரண்டாம் படியிலேயே கிளம்பிவிடுகிறோம்.

நானும் பெரிய ஆள் மாதிரி கிரைண்டிங் வீல் (சாணைச் சக்கரம்) மாற்றுவதற்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதி ஒட்டினேன். "மாட்டும் முன் வீலைத் தட்டிச் சத்தம் கேட்கவும். கணீரென்று வந்தால் நல்லது, மொத்தென்று வந்தால் விரிசல்." புதிதாக வந்த பெண் அதைப் படித்துவிட்டு ஸ்பேனரை எடுத்து ஓங்கிவிட்டாள். நல்லவேளை, பக்கத்திலேயே நின்றேன். மரக்கைப்பிடியால் மெதுவாகத் தட்ட வேண்டும் என்பதை எழுதவே இல்லை. எனக்கு அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இப்போது குறிப்பு எழுதினால் வேலை தெரியாத ஒருவரிடம் கொடுத்து, அவர் என்ன செய்கிறார் என்று பார்த்த பிறகுதான் ஒட்டுகிறேன்.

பழைய பேட்ச்:

எல்லாரும் ஜெயித்த கதையாகச் சொல்கிறீர்கள். என்னோடு கூடப் படித்தவர்களுக்கே என்னைக் குரூப் லீடராகப் போட்டார்கள். நேற்று வரை தோளில் கை போட்டவர்கள், "வந்துட்டார்யா சூப்பர்வைசர்" என்றார்கள். முதல் வாரம் உலோகச் சில்லு அள்ளுவது, கூலன்ட் (வெட்டும்போது சூடு தணிக்கும் திரவம்) டேங்க் கழுவுவது என்று நாற்றம் பிடித்த வேலையை எல்லாம் அவர்களுக்கே பிரித்துக் கொடுத்தேன். லீடர் என்றால் அப்படித்தான் என்று நினைப்பு. இரண்டாம் வாரம் அட்டவணை எழுதும்போது டேங்க் வேலைக்கு முதல் பெயராக என் பெயரைப் போட்டேன். பேச்சு கொஞ்சம் குறைந்தது.

நெருங்கிய நண்பன் ஒருவன் மட்டும் மாறவில்லை. அவன் தாமதமாக வந்ததை நான்தான் மேலே சொன்னேன் என்று நினைத்துக்கொண்டான். நான் சொல்லவில்லை. அன்றே நேராகப் போய்ப் பேசியிருக்கலாம், தள்ளிப் போட்டேன். பயிற்சி முடிந்த நாள் குரூப் போட்டோவில் அவன் அந்த ஓரம், நான் இந்த ஓரம்.