சளி பிடித்தால் மேல் பல் வலிப்பவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

எனக்குச் சளி என்றால் முதலில் மூக்கு, அப்புறம் தலை, கடைசியில் பல். இந்தத் தடவை மூக்கடைப்பு கொஞ்சம் விட்ட மாதிரி இருக்கும்போதே வலது பக்கம் மேல் கடைவாய்ப் பற்கள் விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தன. எந்தப் பல் என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை, ஒன்றைத் தொட்டால் பக்கத்துப் பல்லும் சேர்ந்து வலிக்கிறது, கீழ்ப் பற்களோ கப்சிப். செருப்பு மாட்டக் குனிந்தால் கன்னத்து பாரமெல்லாம் பல்லில் வந்து முட்டும், மாடிப்படி இறங்கினால் படிக்கு ஒரு குத்து, நிமிர்ந்து உட்கார்ந்தால் பாதி குறையும்.

பல் டாக்டர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார், சில்லென்ற பஞ்சை வைத்துப் பார்த்தார், எக்ஸ்ரேயும் எடுத்தார். பல்லில் ஒன்றுமில்லை, சைனஸ்தான், அதாவது மூக்கை ஒட்டிக் கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைதான் என்றார். மேல் கடைவாய்ப் பற்களின் வேர் நுனிக்கும் சைனஸ் அறையின் தரைக்கும் நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு, அந்தப் பற்களுக்குப் போகும் நரம்புகளும் அந்த அறையின் சுவரை ஒட்டித்தான் ஓடுகின்றன, அதனால் அங்கே வீங்கினால் இங்கே வலிக்குமாம். ஆன்டிபயாடிக் கேட்டேன், கொடுக்கவில்லை. இது பெரும்பாலும் வைரஸ், 10 நாளுக்குள் தானாகத் தணியும், தணிந்து வந்தது திடீரென்று மறுபடி ஏறினாலோ கண்ணைச் சுற்றி வீங்கினாலோ உடனே வாருங்கள் என்று அனுப்பிவிட்டார். சளி இறங்க இறங்கப் பல்லும் அடங்கிவிட்டது.

——

எனக்கு நேர் எதிர் கதை. இடது மூக்கில் மட்டும் சளி, அதுவும் ஒரு நாற்றம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியுமோ தெரியாதோ எனக்குக் குமட்டும். மாசக்கணக்கில் சைனஸ் மாத்திரையாக விழுங்கினேன், நிறுத்தினால் திரும்பி வந்துவிடும். பல் வலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, அதனால் யாரும் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை! கடைசியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர்தான் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எப்போதோ வேர் சிகிச்சை செய்த மேல் கடைவாய்ப் பல்லின் நுனியில் சீழ், அதுதான் சைனஸுக்குள் கசிகிறது என்றார். ஒரே பக்கம், கெட்ட நாற்றம், மருந்துக்கு மசியாத சைனஸ் என்றால் தயவுசெய்து பல்லையும் காட்டுங்கள்.

——

எனக்கு சைனஸெல்லாம் கிடையாது, ஃப்ளூ வந்தால் மேலும் கீழுமாக மொத்தப் பல்லும் கூசும். குளிர் நடுக்கத்தில் பல்லைக் கடித்துக்கொண்டே கிடந்தால் தாடை வேறு எப்படி இருக்கும்? மூக்கடைத்து வாயால் மூச்சு விடுவதில் எச்சிலும் வறண்டுபோகும், அந்த வறண்ட வாயில் ராத்திரி பூரா இருமல் மிட்டாயை அதக்கிக்கொண்டு தூங்கினால் பல் சொத்தையாகாமல் என்ன செய்யும். இப்போது சர்க்கரை இல்லாத மிட்டாய்தான். இன்னொன்று, வாந்தி எடுத்த கையோடு பல் தேய்க்காதீர்கள், அந்த அமிலத்தில் எனாமல் இளகியிருக்கும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் தேயுங்கள்.

——

மூக்கடைப்புக்குச் சொட்டு மருந்து விடுபவர்கள் கவனம். போட்டவுடன் திறக்கும், பல் வலியும் லேசாகும், சொர்க்கம்தான். ஆனால் 5 நாளைத் தாண்டி ஓட்டினால் மருந்தே மூக்கை அடைக்க ஆரம்பித்துவிடும். உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவுவது எனக்கு நன்றாகக் கேட்கிறது, கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் மட்டும், குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றவே கூடாது.

——

இரண்டாவதாக எழுதியவரிடம் ஒரு கேள்வி: அந்தப் பல்லைப் பிடுங்கிவிட்டார்களா?

——

இல்லைங்க, பழைய அடைப்பை எடுத்துவிட்டு மறுபடி வேர் சிகிச்சைதான். பல் தப்பித்தது, நாற்றமும் போய்விட்டது. மூக்கு முழுசாகச் சரியாக இன்னும் கொஞ்ச நாள் பிடித்தது, அவ்வளவுதான்.